அத்தான் மோட்டார் வைத்த சைக்கிள்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் மோட்டார் அறைச் சாவிகள் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். அவர் தெருமுனையில் வரும்போதே கலகலவென்று சத்தம் கேட்டுவிடும். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்துவார்கள், கதவை உதைப்பார்கள், வெளியே நிற்கும் அவரையே திட்டுவார்கள். "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், கதவ மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போவார். கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை இறக்கிக் கதவைத் திறந்துவிடுவார். வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஓடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. "பாத்ரூமுக்கு அவசரமா இருக்கும், பாவம்" என்பார்.

இப்படிப்பட்டவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அக்கா இதை வைத்தே அவரை ஓட்டித் தள்ளுவாள். "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ஏத்தி எறக்குறாரு. கட்டினவ மட்டும் காய்கறிப் பையத் தூக்கிட்டு மூச்சு வாங்க ஏறணும்." அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் நான் இருக்கிறேன். வீட்டிலேயே திரைச்சீலை, மெத்தை உறை தைத்துக் கொடுக்கிறேன். என் தையல் மிஷின் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியேதான் வண்டி நிறுத்தும் இடம். அதனால் நடந்த எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பாதி நாள் கடைக்குள், பாதி நாள் சைக்கிளில். கடைக்குப் பின்னால் மேடாக ஏறும் தெருக்களில் வயதானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கடைவரை வர முடியாதவர்களுக்கு மருந்தை அவள்தான் கொண்டுபோவாள். கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டாள். உட்காருவாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், முழுங்கியாச்சா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு கிழவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அவள் போனதும் துப்புகிறவர். அவரிடம் மட்டும் இவள் ஊர்க்கதை பேசிப் பேசி மாத்திரை கரையும்வரை நகர மாட்டாளாம். "எல்லாம் கரைஞ்சு கசந்த பிறகு அவரே முழுங்கிட்டாரு" என்று வந்து சொல்லிச் சிரித்தாள்.

இடது கால் பெடலிலிருந்து வழுக்குகிறது என்று அவள் முதலில் சொன்னபோது நாங்கள் செருப்பைக் குற்றம் சொன்னோம். புதுச் செருப்பு வாங்கினாள். மறுபடி வழுக்கியது. அத்தான் பெடலைக் குற்றம் சொன்னார். அதைக் கழற்றிவிட்டு முள் வைத்த பெடல் மாட்டினார். அதன் பிறகும் வழுக்கியது, கூடவே கெண்டைக்காலில் கீறலும் விழுந்தது. ஒருநாள் மேட்டுத் தெருத் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். அடி பெரிதாக இல்லை. மருந்துப் பொட்டலங்கள் சாக்கடை ஓரம்வரை சிதறிக் கிடந்தன. எழுந்து நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது, இடது கால் விரல்களை மேலே தூக்க முடியவில்லை என்று.

பிறகு ஒரு டாக்டர், அவர் சொல்லி இன்னொரு டாக்டர். ஊசியைச் சதைக்குள் குத்தி மின்சாரம் பார்க்கும் பரிசோதனை, ஸ்கேன், மறுபடி ஊசி. கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

அத்தான்தான் முதலில் கேட்டார். "எந்த எடத்துல ஃபால்ட்டுன்னு தெரிஞ்சிருச்சுங்களா?"

"ஒரு எடத்துல இல்லைங்க. மூளையிலிருந்து சதைக்குக் கட்டளை கொண்டுபோற நரம்புங்க ஒண்ணொண்ணா நின்னுட்டு வருது. இப்போ காலு. அப்புறம் கை. போகப் போகப் பேச்சு, முழுங்கறது, மூச்சு."

"மாத்த முடியாதா?"

"முடியாதுங்க. ஒரு மாத்திரை இருக்கு. அது நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும்."

டாக்டரம்மா மாத்திரையின் பெயரைச் சொன்னார். அக்கா, "தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்து, ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். "அந்த மாத்திரைய நான் ஒருத்தருக்கு மாசாமாசம் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். மேட்டுத் தெரு வாத்தியாருக்கு. ரெண்டாவது வருஷம் குடுக்கற வேலை இல்லாமப் போச்சு." அத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலியாக வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தாமல் போகவிட்டுவிட்டார்.

அன்றைக்கப்புறம் ஒரு வாரம் அவர் வாயே திறக்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், போனை வைத்துக்கொண்டு உட்காருவார். நோயைப் பற்றித்தான் படிக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சைக்கிள் படம். சாதாரண சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் வைத்து மின்சார சைக்கிளாக மாற்றும் கிட் ஒன்றை விற்கிறார்கள். அதைப் பற்றிய வீடியோக்களை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல வலு குறைஞ்சா மோட்டார் மிச்சத்த இழுத்துக்கும்" என்றார் என்னிடம். "அவ பெடல சும்மா சுத்தினாப் போதும். மேடெல்லாம் தானா ஏறும்."

அக்காவின் பழைய சைக்கிளிலேயே மாட்டிவிடலாமே என்றேன். முடியாது என்றார். அதன் குழாய்கள் மெல்லியவை, பின்சக்கரம் மாட்டும் இடம் தேய்ந்திருக்கிறது, பிரேக் ரிம்மைப் பிடிக்கிற பழைய வகை. மோட்டாரின் எடையும் வேகமும் சேர்ந்தால் அது தாங்காது. தடித்த ஃபிரேமும் டிஸ்க் பிரேக்கும் உள்ள மவுண்டன் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், அதன் உடம்பை எடுத்துக்கொண்டு கிட்டை அதில் வைக்க வேண்டும். அப்படி உடம்பு கொடுக்கும் வண்டிக்கு டோனர் என்று பெயராம்.

"கிட்னி குடுக்கறவங்கள மாதிரியா?" என்று அக்கா கேட்டாள்.

"அந்த மாதிரிதான்னு வச்சுக்கோயேன்."

"சரி, எனக்குத்தான் டோனர் கிடையாது. என் சைக்கிளுக்காவது கெடைக்கட்டும்."

அத்தான் சிரிக்கவில்லை. நான் சிரித்துத் தொலைத்தேன், பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

டோனர் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாகக் கிளம்புவோம். ஒருவர் வைத்திருந்த வண்டி வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. அத்தான் குனிந்து, ஃபிரேமில் பளபளவென்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கொஞ்சம் கிளப்பினார். அடியில் விரிசல். "ஸ்டிக்கர் நல்லாருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இன்னொரு வண்டிக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங். நடுவில் பேட்டரி வைக்க ஒரு சாண் இடம்கூட இல்லை. மூன்றாவது எல்லாவிதத்திலும் சரியாக இருந்தது. அக்கா ஏறிப் பார்க்கப் போனாள். மேல் குழாய் உயரம். இடது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட அவளால் முடியவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்தாள். விற்கிறவர், "கைய குடுங்கம்மா" என்று வந்தார். "வேணாம்ங்க, வண்டி எனக்குப் பிடிக்கல" என்று விலகிக்கொண்டாள்.

கடைசியில் அகப்பட்டது ஒரு பேங்க் அதிகாரியின் வண்டி. தொந்தியைக் குறைக்கிறேன் என்று வாங்கியவர், குறைக்காமல் வண்டியை பால்கனியில் விட்டுவிட்டார். நாங்கள் போனபோது ஹேண்டில்பாரில் துண்டும் சீட்டில் உள்பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. அவர் மனைவி அவசர அவசரமாக எடுத்துக்கொண்டே, "கொடிக்கம்பி கட்டியாச்சு, இனிமே எடுத்துட்டுப் போங்க" என்றார். மேல் குழாய் சரிவாகத் தாழ்ந்து வரும் வண்டி. பின்பக்கம் அலுமினியம் இல்லாமல் இரும்பு. அத்தான் சக்கரத்தைச் சுழற்றினார், அச்சைத் தட்டிப் பார்த்தார், அடியில் படுத்து ஃபிரேமின் நேர் பார்த்தார். அக்கா காலைப் போட்டாள். போட்டுவிட்டாள்! உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தாள். பேங்க் அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, அவரும் கைதட்டினார்.

கிட் வந்த பெட்டியை என் ஜன்னலுக்கு நேரேதான் பிரித்தார். மோட்டார் உள்ளேயே அடங்கிய கனத்த பின்சக்கரம், பேட்டரி, கன்ட்ரோலர் என்ற சின்ன அலுமினியப் பெட்டி, பிரேக் கைப்பிடிகள், பாம்புக் குட்டிகள் மாதிரி ஒயர்கள். சேர்க்கும் முறையைச் சொல்லும் தாளில் படங்கள் இருந்தன. அவையும் வேறு ஏதோ வண்டியின் படங்கள். மோட்டாரின் அச்சு ஃபிரேமின் பின்முனையில் அது உட்கார வேண்டிய காடிக்குள் மயிரிழையில் நுழைய மறுத்தது. அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தேய்ப்பு, ஒரு பார்வை. மோட்டார் முறுக்கும்போது அச்சு காடியிலிருந்து நழுவிச் சுழன்றுவிடக் கூடாது என்று, லிஃப்ட் வேலையில் மிஞ்சிய இரும்புப் பட்டையிலிருந்து ஒரு பிடிப்பான் செய்து இரண்டு பக்கமும் இறுக்கினார். பேட்டரிக்கு மழை படாத உறை வேண்டும் என்றார். கூடாரத் துணியில் இரட்டைத் தையல் போட்டு நான் தைத்துக் கொடுத்தேன்.

பேட்டரியை எங்கே சார்ஜ் போடுவது என்பதில் கட்டடத்துச் செக்ரட்டரி மூக்கை நுழைத்தார். படிக்கட்டுக்கு அடியில் போட்டால் பொதுக் கரண்ட்டாம், தீப்பிடித்தால் யார் பொறுப்பாம். அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். காலையில் மறுபடி இறக்குவார்.

முதல் சவாரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் தாழ்ந்த நேரம். இடது பாதத்துக்கு ஒரு பழைய ஷூவின் பின்பாதியை வெட்டிப் பெடலோடு சேர்த்துப் பட்டை கட்டியிருந்தார், வழுக்காமல் இருக்க. அக்கா இரண்டு சுற்று மிதித்தாள். மோட்டார் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகியது. வண்டி அவளைத் தூக்கிக்கொண்டு போனது. தெருக்கோடி மேடு, நாமெல்லாம் இறங்கித் தள்ளுகிற மேடு, அதில் சேலைத் தலைப்பு பறக்க ஏறிப்போனாள். அத்தான் பின்னாலேயே ஓடினார். பாதி மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவள் மேலேபோய்த் திரும்பி வந்து, அவருக்கு முன்னால் நிறுத்தி, "ஏறுங்க, கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

ஒரு சில மாதங்கள் அது போதுமாக இருந்தது. அக்கா மறுபடி மேட்டுத் தெருக்களுக்குப் போனாள். உடம்பு பற்றி யாரிடமும் சொல்லவில்லை. 'இந்த வயசுல உனக்கு மோட்டார் கேக்குதா' என்று அந்த மாத்திரை ஒதுக்கும் கிழவர் கேட்டாராம். "ஆமாம் தாத்தா, சோம்பேறி ஆயிட்டேன்" என்றாளாம். அத்தான் பழையபடி பேச ஆரம்பித்தார். சாப்பாட்டில் உப்புப் போதவில்லை என்று ஒருநாள் சொன்னார். அக்கா எனக்குப் போன் பண்ணி, "உங்க அத்தான் குறை சொல்றாரு, தெளிஞ்சிட்டாரு" என்றாள்.

பெடல் சுற்றினால்தான் மோட்டார் ஓடும். அந்தச் சுற்றும் ஒருநாள் அவளால் முடியாமல் போயிற்று. இடது கால் கிடந்த இடத்தில் கிடந்தது, வலது காலும் களைத்தது. அத்தான் அடுத்த நாளே கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில் ஒன்று வாங்கி மாட்டினார். இனி மிதிக்கவே வேண்டாம், அழுத்தினால் ஓடும். சரி, ஓடியது. ஆனால் வண்டியை நிறுத்தும்போது காலை ஊன்ற வேண்டுமே. சிக்னலில் நின்றாள், கால் மடங்கியது, வண்டியோடு சாய்ந்தாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இன்னொரு கதை நடக்காமல் போனது.

உடனே பின்னால் இரண்டு சக்கரமாக்கி மூன்று சக்கர வண்டி செய்யக் கிளம்பினார். அதற்கு மோட்டாரைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோக வேண்டும். மோட்டார் சக்கரத்தைக் கடையில் கொடுத்து, முன்னுக்குப் பொருந்தும் வேறொன்று மாற்றி வாங்கினார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஸ்பிரிங் வைத்த அலுமினியம். மோட்டார் முறுக்கில் அது உடையும் என்று பயந்து, வளையாத இரும்பு ஃபோர்க் தேடி அலைந்தார். அளவு சரியாகக் கிடைக்க ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அக்காவின் வலது கட்டைவிரல் சட்டைப் பொத்தான் போட மறந்துவிட்டது. வண்டி தயாரானபோது த்ராட்டிலை அழுத்த அவளால் முடியவில்லை. த்ராட்டிலை இடது கைக்கு மாற்றினார். இடது கையும் நீடிக்கவில்லை. முழங்கையால் தள்ளுகிற மாதிரி ஒரு நெம்புகோல் யோசித்தார். அட்டையில் வெட்டிப் பார்த்தார், தகட்டில் வெட்டிப் பார்த்தார்.

அவர் ஒன்றை முடித்து நிமிரும்போது நோய் இன்னொன்றை எடுத்துக்கொண்டிருக்கும். என் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, தினமும் பொழுது சாயும்வரை, ஓடாத ஒரு வண்டிக்கு முன்னால் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்திருப்பார். மிஷினை நிறுத்திவிட்டு நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். போதும் விடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு என்ன செய்யச் சொல்வது?

மருந்துக்கடை முதலாளி நல்ல மனிதர். அவரே படியேறி வந்து, "கடைக்கு வந்து சும்மா உக்காந்திருங்கம்மா, போதும்" என்றார். அக்கா, "சும்மா உக்கார எங்க வீட்டுல நாற்காலி இருக்குண்ணே" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மேலே போனேன். கழுத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு சின்னத் திண்டு தைத்து எடுத்துப்போயிருந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பொருள் விற்கிற நிகழ்ச்சி. ரிமோட் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. எத்தனை நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் வியர்வை, மூக்கின் மேல் ஒரு ஈ. நான் விரட்டினேன்.

"அத்தான் எங்கக்கா?"

"உனக்குத் தெரியாதா எங்கன்னு?" அப்போதே பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. "கூப்பிடு அவர."

ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். ஏதோ அவசரம் என்று நினைத்து ஸ்பேனரோடு ஓடிவந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உக்காருங்க."

"இதோ, அஞ்சே நிமிஷம். அந்த நெம்புகோலு இப்பத்தான் சரியா வருது. முழங்கைய இப்படி லேசா அசைச்சாப் போதும், வண்டி—"

"எனக்கு வண்டி வேணாம்ங்க."

அவர் நின்றார்.

"வண்டி வேணாம். நான் ஏற மாட்டேன். ஏறுனாலும் எங்க போறது? யாருக்கு மருந்து குடுக்கறது?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் மேல கெடக்கேன். நீங்க கீழ கெடக்கீங்க. நீங்க சைக்கிள்கூட இருக்கற நேரத்துல பாதி என்கூட இருந்திருக்கலாம்."

"உனக்காகத்தானே..."

"தெரியும்."

"நான் வேற என்ன பண்றது? சொல்லு. வேற என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்." குரல் உடைந்துவிட்டது. அத்தான் குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லை, உடைந்து எப்படிக் கேட்டிருப்பேன்? ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். கிரீஸ் கையைக் கட்டில் விரிப்பில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் விளிம்பில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். நான் திண்டை அக்காவின் கழுத்துக்கு வைத்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, கீழே வந்துவிட்டேன்.

அந்த வண்டியை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அக்காதான் முடிவு செய்தாள். பின்னால் கட்டிய சக்கரங்களை எடுத்துவிட்டு மறுபடி இரண்டு சக்கரமாக்கி மருந்துக்கடைக்குக் கொடுக்கச் சொன்னாள். அவளுக்குப் பதிலாக மருந்து கொண்டுபோக, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரை முதலாளி வேலைக்கு வைத்திருந்தார். அவருக்கு த்ராட்டில் என்றால் பயம். இத்தனை வருஷம் பெரிய வண்டி ஓட்டியவர், இந்தச் சின்ன முனகலுக்கு அஞ்சி மோட்டாரை அணைத்துவிட்டுப் பெடல் மிதித்தே போவார். மேட்டில் இறங்கித் தள்ளுவார். அத்தான் அதைப் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

லிஃப்ட் கம்பெனியில் லீவ் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தார். சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்தார். கட்டிலுக்குச் சக்கரம் வைக்கலாமா என்று அளந்தார். அக்கா கண்ணை உருட்டினாள். "இந்த ரூமுக்குள்ள ஸ்பேனர் வரக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். அதன் பிறகு இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே போனால், வேலை ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று என் கையைப் பார்ப்பார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். அவளுக்குக் கஞ்சியை எத்தனை கெட்டியாகக் கரைத்தால் புரையேறாது என்று கற்றுக்கொண்டார். எந்தப் பக்கம் ஒருக்களித்தால் சளி இறங்கும் என்று கற்றுக்கொண்டார். பேச்சு முழுக்க நின்ற பிறகு அவள் கண்ணால் கேட்பதை அவர் மட்டும் புரிந்துகொள்வார். சில நேரம் அவருக்கும் புரியாது. தண்ணியா? இல்ல. திரும்பணுமா? இல்ல. வலிக்குதா? வெளிச்சமா? பாட்டு வேணுமா? அவள் கண்ணில் நீர் முட்டும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார், கடைசியில் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாமல் அவள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்துவிடுவார். அவள் என்ன கேட்டாள் என்று தெரியாமலே போன கேள்விகள் எத்தனையோ.

வெயில் வேண்டும் என்றால் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவார். என் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். எடையே இல்லை அவளுக்கு. செக்ரட்டரி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும் என்று என்னிடம் சொன்னார். பேட்டரி போய் மாதக்கணக்கு ஆகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு விடிகாலையில் அவள் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா பக்கத்தில் இருந்தார். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன பண்ணணும்?" என்று நர்ஸம்மாவைக் கேட்டார். "ஒண்ணும் வேணாம்ங்க, கூட இருங்க" என்றார் அவர். வெயில் சுவரில் ஏறும் நேரத்துக்கு அக்கா போய்விட்டாள். நர்ஸம்மா சொன்ன பிறகும் அத்தான் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

அக்கா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் வேலைக்குப் போகிறார். அதே மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், மிஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

போன மாதம் ஒருவர் ஒரு மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு எங்கள் கட்டடத்துக்குள் வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியதாம். கிட்டும் வாங்கிவிட்டாராம், பெட்டி கேரியரில் கட்டியிருந்தது. கிட் விற்ற கடையில் அத்தானைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சலூன் வைத்திருப்பவர், கையில் இன்னும் பவுடர் வாசம். அவர் மனைவிக்கு அதே நோய். அதே இடது கால்.

அத்தான் குனிந்து வண்டியைப் பார்த்தார். ஸ்டிக்கரைக் கிளப்பிப் பார்த்தார். பின்பக்கக் காடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்ல வண்டியாத்தான் எடுத்திருக்கீங்க."

"இது போதுமாங்க? இத மாட்டிட்டா அவ வேலைக்குப் போயிடுவா இல்ல?"

"கொஞ்ச நாள் போவாங்க."

"அப்புறம்?"

அத்தான் என் ஜன்னலைப் பார்த்தார். நான் நூல் கோர்ப்பது மாதிரி குனிந்துகொண்டேன்.

"வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். "வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போயி அவங்ககூட இருங்க."

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அந்த மனிதர். ஆனால் போகவில்லை. பெட்டியைப் பிரித்து மோட்டார் சக்கரத்தை வெளியே எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தானுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"அந்த நட்ட நான் கழட்டட்டுமாங்க? ஏதாவது குடுங்க, செய்றேன்."

அத்தான் பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினார்.